ரேடியோ விமானம் வாங்கிய பிள்ளைக்கும் பெற்றோருக்கும்



இம்முறை இந்தப் பகுதியில் சமையல் குறிப்பும் இல்லை, மருத்துவக் குறிப்பும் இல்லை. பொம்மை விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கு எதற்கு விமானம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

பண்டமாரானிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மூத்த மகனுக்குப் பதினான்கு வயது. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தான். பாசார் மாலாமில் அத்தையின் பலகாரக் கடையில் கூடமாட நின்று வாங்கிய கூலியையும் அதோடு சேர்த்தான். எல்லாம் சேர்ந்து 280 வெள்ளி ஆனதும், யாரோ பயன்படுத்தி விற்ற ரேடியோ விமானம் ஒன்றை வாங்கி வந்துவிட்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் திடலில் பறக்கவிட்டான். இருபது விநாடிகூடப் பறக்கவில்லை. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போய், பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மோதி விழுந்தது. பக்கத்து வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தாயார்தான். அடுத்த ஞாயிறு, ஒட்டிச் சரி செய்த விமானத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பையன் எதையோ எடுக்கக் குனிந்திருக்கிறான். ஆறு வயதுத் தங்கை ஆசையோடு ஓடிப்போய் விமானத்தைத் தூக்கினாள். காற்றாடி சுழன்றது. பிஞ்சு விரலில் மூன்று தையல்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! விமானத்தை அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டு, "இனி இதைத் தொட்டால் உடைத்து அடுப்பில் வைப்பேன்" என்று சொல்லிவிட்டாராம். பையன் அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதுமில்லை. "கணவர் சொல்வது நியாயமா, பிள்ளை கேட்பது நியாயமா? நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்கிறார் தாயார்.

அம்மா, கோபப்பட்ட தகப்பனாரும் தவறு செய்யவில்லை, ஆசைப்பட்ட பிள்ளையும் தவறு செய்யவில்லை. இடையில் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இல்லை, அதுதான் குறை. அந்தக் குறையை இன்று கொஞ்சம் தீர்த்து வைப்போம். நானும் பல ஆண்டுகளாக இந்தப் பைத்தியம் பிடித்தவன்தான். என் இடது கட்டைவிரலில் உள்ள தழும்பு அதற்குச் சாட்சி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இதைப் பொம்மை என்று அழைப்பதுதான் முதல் தவறு. ஒரு கிலோ எடையுள்ள சின்ன விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒருவர் மேல் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது, ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைப் பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அடுக்குமாடி வீட்டின் நாலாவது ஐந்தாவது மாடியிலிருந்து, தலையில் போடுவதற்குச் சமம். இனி காற்றாடியைப் பாருங்கள். ஒன்பது அங்குலக் காற்றாடி நிமிடத்துக்கு 8,000 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. சமையலறைக் கத்தி தானாக வந்து வெட்டாது. இது வந்து வெட்டும்.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தாம் பறக்கவிட்ட ரேடியோ ஹெலிகாப்டரின் விசிறி தலையில் பட்டு இறந்து போனார். அவர் புதிதாகப் பழகியவரும் அல்ல. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அரிவாளைப் பிடித்து வேலை செய்யும் குடும்பங்கள் நம்முடையவை. கூர்மையான பொருளைக் கண்டு நாம் ஓடுவதில்லை, மரியாதையோடு பிடிக்கிறோம். விமானத்துக்கும் அதே மரியாதை வேண்டும்.

முதல் ஞாயிறு நடந்தது என்ன?

வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போனது என்கிறான் பையன். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அப்போது விமானம் உன்னை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்ததா, உன்னை நோக்கி வந்துகொண்டிருந்ததா?"

தூரமாகப் போகும்போதே தப்பாகத் திரும்பியது என்றால், கோளாறு விமானத்தில். இரண்டாம் கை விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் ஒவ்வோர் அசைவையும் தலைகீழாக மாற்றும் வசதி உண்டு. முன்பு வைத்திருந்தவர் அந்தப் பெட்டியை வேறு ஒரு விமானத்துக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருப்பார். வாங்கியவருக்கு அது தெரியாது. எனவே பறக்கவிடும் முன் ஒவ்வொரு முறையும் விமானத்தின் வால் பக்கம் நின்று பார்க்க வேண்டும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்புப் பலகை மேலே எழ வேண்டும், இடது இறக்கைப் பலகை கீழே இறங்க வேண்டும். வாலில் நிற்கும் சுக்கான் வலப்பக்கம் மடங்க வேண்டும். குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் வாலின் படுக்கைப் பலகை மேலே எழ வேண்டும். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் 280 வெள்ளி போய்விடும்.

தன்னை நோக்கி வரும்போதுதான் தப்பாகத் திரும்பியது என்றால், கோளாறு விமானத்தில் இல்லை, பையனின் பழக்கத்தில். எதிரே வருபவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறதல்லவா? அதே கதைதான். புதிதாகப் பழகுகிற அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. விமானம் நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் போதும். தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமானம் நேராகிவிடும். கணினியில் பறக்கப் பழகும் விளையாட்டுகள் இருக்கின்றன. அதில் நூறு முறை விழட்டும். யார் கூரையும் உடையாது.

இன்னும் சில தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாகத்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே போட்டால் காற்றின் திசை தெரிந்துவிடும். ஏறியவுடனே தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் சட்டென்று திருப்பக் கூடாது. வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது, விமானம் கல் மாதிரி விழும். முதலில் வேகமும் உயரமும் கிடைக்கட்டும், திருப்புவது பிறகு.

எடை சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பழகு விமானங்களில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இரண்டு விரல்களால் தாங்கினால், விமானம் தராசுபோல் சமமாக நிற்கும். மூக்குக் கனத்தால் சோம்பிப் பறக்கும். வால் கனத்தால் ஒரே ஒருமுறைதான் பறக்கும்!

தங்கையின் விரல்

அம்மா எழுதிய இந்த இடத்தைப் படித்தபோது என் கட்டைவிரல் தழும்பும் வலித்தது. எனக்கு நடந்ததும் அதுதான். வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, காற்றாடியைக் கழற்றாமலே மின்கலத்தைச் சொருகினேன். வேகக் குச்சி மேலே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த விநாடி தரையெல்லாம் ரத்தம்.

மின்சார மோட்டாரில் இதுதான் பெரிய அபாயம். பெட்ரோல் இயந்திரம் சத்தம் போடும், நாம் விலகி நிற்போம். மின்சார மோட்டார் பூனை மாதிரி சும்மா இருக்கும். மின்கலம் சொருகியிருக்கிற வரையில் அது எந்த நேரமும் சுழலலாம். யாராவது டிரான்ஸ்மிட்டரைத் தெரியாமல் தொட்டாலே போதும். உங்கள் மகன் குனிந்தபோதும் அப்படித்தான் குச்சி அசைந்திருக்க வேண்டும்.

ஆகையால் இந்த வரிசையைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். முதலில் வேகக் குச்சியை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். அடுத்து டிரான்ஸ்மிட்டரைப் போட வேண்டும். கடைசியில்தான் விமானத்தில் மின்கலத்தைச் சொருக வேண்டும். இறக்கிய பிறகு இது அப்படியே தலைகீழாகும். முதலில் விமானத்தின் மின்கலத்தைக் கழற்று, பிறகு டிரான்ஸ்மிட்டரை அணை. வீட்டுக்குள் எந்த வேலை செய்தாலும் காற்றாடியைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மின்கலம் சொருகிய விமானத்தின் முன்னாலும் காற்றாடிக்கு நேர் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. பின்னாலிருந்துதான் பிடிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரைப் புல்லில் வைத்துவிட்டு நகரவே கூடாது.

சின்னப் பிள்ளைகள் எங்கே நிற்பது? பறக்கவிடுபவனுக்குப் பின்னால், ஒரு கோடு போட்டு, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தங்கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். "அண்ணே, மோட்டார் சைக்கிள் வருது!", "ஆள் வராங்க!" என்று சத்தம் போடுவது அவள் பொறுப்பு. வேலை இருந்தால் பிள்ளை ஓடாது.

கம்பியில் மாட்டினால்

இப்போது சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. தோட்டத்தில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். என் கவனக்குறைவால் விமானம் மின்கம்பியில் போய்த் தொங்கிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், உதவி செய்யும் நல்ல மனத்தோடு, செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பத்தை எடுத்து வந்துவிட்டார். நானோ விமானம் கிடைத்தால் போதும் என்று பேசாமல் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நல்ல வேளை, அந்த வழியாக வந்த மண்டோர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து கம்பத்தைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பொம்மை எத்தனை வெள்ளி? இந்தப் பையன் எத்தனை வெள்ளி?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் வாய் இல்லை.

அலுமினியத்தில் மின்சாரம் தடையில்லாமல் பாயும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை. கிட்டப் போனாலே மின்சாரம் தாவும். ஈர மூங்கிலும் ஈரக் கயிறும் பாதுகாப்பல்ல. விமானத்துக்குள் வலுவுக்காக வைக்கும் கார்பன் குச்சியிலும் மின்சாரம் பாயும். ஆகவே கம்பியில் மாட்டிய விமானம் நம்முடையது அல்ல என்று அந்த நிமிடமே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஏறக் கூடாது, குச்சியால் தட்டக் கூடாது, கல்லெறியக் கூடாது. தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். துணை மின்நிலைய வேலிக்குள் விழுந்தாலும் இதே விதிதான். பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கம்பி இருக்கும் இடத்தில் பறக்கவிடாமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. தூரத்தில் போகும் விமானம் கம்பிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. "இன்னும் தூரம் இருக்கிறது" என்று நினைக்கும்போதே மாட்டிவிடும்.

மின்கலம் என்னும் நெருப்புப் பெட்டி

இப்போதைய விமானங்களில் லிப்போ என்று சொல்லப்படும் லித்தியம் பாலிமர் மின்கலம்தான் இருக்கிறது. எடை குறைவு, சக்தி அதிகம். கோபமும் அதிகம். இதில் ஒவ்வோர் அறையும் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுப்போகும், அடுத்த முறை ஏற்றும்போது ஆபத்து. அதனால் லிப்போவுக்கென்றே உள்ள சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். பழைய நிக்கல் மின்கல சார்ஜரைச் சொருகி வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

மெத்தையின் மேல், சோபாவின் மேல், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றக் கூடாது. சிமெண்டுத் தரையிலோ மண் சட்டிக்குள்ளோ வைத்து, ஆள் பார்வையில் ஏற்ற வேண்டும். இரவில் சொருகிவிட்டுத் தூங்கப் போவதும், கடைக்குப் போவதும் கூடவே கூடாது. தோட்டத்தில் பலகை வீட்டில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மின்கலம் அப்பளம்போல் உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதில் ஏற்றவும் கூடாது, ஊசியால் குத்திப் பார்க்கவும் கூடாது. விமானம் விழுந்து அடிபட்டால், மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் விட்டு வைக்காதீர்கள். பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தீப்பிடித்துவிட்டால் வீரம் காட்ட வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறி 999க்குக் கூப்பிடுங்கள்.

எங்கே பறக்கவிடலாம்?

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திடல் இதற்கு உதவாது அம்மா. நாலு பக்கமும் வீடும் கம்பியும் காரும் இருக்கும் இடத்தில், பழகியவரே யோசிப்பார். பெரிய வெளி வேண்டும். சுற்றி ஐம்பது மீட்டருக்குள் மற்றவர் யாரும் இருக்கக் கூடாது. தோட்டத்து நிலமானால் தோட்ட நிர்வாகத்திடமும், பொதுத் திடலானால் அதைப் பராமரிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு மேலே பறக்கவிடுவது அறவே கூடாது.

அடுத்தது சட்டம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் சுபாங் விமான நிலையம், இன்னொரு பக்கம் சிப்பாங்கில் 1998இல் திறந்த கே.எல்.ஐ.ஏ. நம் தலைக்கு மேலே மனிதர்களை ஏற்றிக்கொண்டு விமானங்கள் போகின்றன. அதனால் 2016ஆம் ஆண்டு சிவில் வான்போக்குவரத்து விதிகள், ஆள் இல்லாமல் பறப்பவற்றுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. விமான நிலையத்தைச் சுற்றிய பகுதியிலும் கட்டுப்பாட்டு வான்வெளியிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 400 அடிக்கு மேல் அனுமதியில்லாமல் ஏற்றக் கூடாது. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. பத்துமலை முருகன் சிலை 140 அடி. அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழகுகிற பிள்ளைக்கு அதில் கால்வாசி உயரமே தாராளம்.

இந்த விவகாரங்களைக் கவனிப்பது மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் பறக்கவிடலாமா என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. "ஒரு சின்னப் பொம்மையால் என்ன ஆகிவிடும்?" என்று நினைப்பவர்கள் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2018 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓடுதளத்துக்கு அருகே டிரோன் தெரிந்தது என்று வந்த தகவல்களால் சுமார் ஆயிரம் விமானப் பயணங்கள் தடைப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்துப் போனார்கள்.

கோயில் திருவிழாவிலும் தைப்பூசத்திலும் கூட்டத்துக்கு மேல் பறக்கவிடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் விழுந்தால் ஓடி ஒதுங்க யாருக்கும் இடம் இராது.

வானிலையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலும் திடீரென்று வரும். காலையில் பனி விலகியதும் காற்று அமைதியாக இருக்கும். பழக அதுவே நல்ல நேரம். தூரத்தில் இடி கேட்டாலே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். புகைமூட்ட நாட்களில் வேண்டவே வேண்டாம். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானில் அவசர நிலை அறிவித்தார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் விமானமும் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்கும் கெடுதல்.

வாங்கும்போது

இரண்டாம் கையாக வாங்குவது தவறில்லை. ஆனால் பழைய டிரான்ஸ்மிட்டர்கள் 27, 35, 40, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் வேலை செய்தவை. அதே எண்ணில் இன்னொருவர் பெட்டியைப் போட்டால் உங்கள் விமானம் யார் பேச்சையும் கேட்காது. இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டியும் விமானத்திலுள்ள ரிசீவரும் ஜோடி சேர்ந்துகொள்வதால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. ரேடியோ சாதனம் என்பதால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும் அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். அதற்குக் காற்றாடியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்கலாம். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்கவிடக் கூடாது.

பழகுவதற்கு, உடலுக்கு மேலே இறக்கை வைத்த, மெதுவாகப் பறக்கும், நுரைப் பொருளால் செய்த விமானம்தான் ஏற்றது. போர் விமானம் மாதிரி இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்குவார்கள். அது பழகுபவருக்கு ஆகாது.

அலமாரிக்கு மேல் இருப்பது

அம்மா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2003 ஆகஸ்டில், மேனார்ட் ஹில் என்ற 77 வயது அமெரிக்கப் பெரியவர் தம் கையால் செய்த, ஐந்து கிலோவுக்கும் குறைந்த மாதிரி விமானம் ஒன்றை அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறக்க வைத்தார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, 38 மணி 52 நிமிடம் பறந்து, அயர்லாந்தில் இறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர்! அவருக்குக் கண் பார்வை மிகவும் மங்கிப் போயிருந்தது. அதற்கு முன் அனுப்பியவை தோற்றுப் போயின. அவர் விடவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் சொல்கிறேன். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், 'தக்ஷா' என்ற மாணவர் குழு இருந்தது. மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித் குமார் அதற்கு ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. என்ன போட்டி தெரியுமா? எட்டாத இடத்திலிருக்கும் நோயாளியின் ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் தானாகப் போய் எடுத்து வர வேண்டும்! உங்கள் மகன் கூரையில் மோதிய அதே கலையின் மேல்படிதான் அது.

ஆகவே விமானத்தை அடுப்பில் வைக்க வேண்டாம். அலமாரிக்கு மேலிருந்து அதை இறக்கித் தரும் வேலையைத் தகப்பனாரே செய்யட்டும். அவர் லாரி ஓட்டுகிறவர். காலையில் வண்டியை எடுக்குமுன் டயர், பிரேக், எண்ணெய், தண்ணீர் எல்லாம் பார்க்காமல் கிளப்ப மாட்டார் அல்லவா? அந்தப் பழக்கம்தான் மகனிடம் இல்லை. அதைக் கற்றுத் தர அவரைவிடத் தகுந்தவர் வேறு யார்? இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, பெட்டி மூடியில் ஒட்டட்டும். காற்று எந்தப் பக்கம், கம்பி உண்டா, ஆள் உண்டா, மின்கலம் நிறைந்ததா, இறக்கை இறுகியதா, பலகைகள் சரியாக அசைகின்றனவா, முப்பது அடி தள்ளிப் போயும் ரேடியோ வேலை செய்கிறதா, தங்கை எங்கே? எட்டுக் கேள்விகள். எட்டுக்கும் அப்பா "சரி" என்று சொன்ன பிறகுதான் பறக்கவிட வேண்டும். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அன்றைக்கு விமானம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக் கூரையைப் பையனே போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, சேதமிருந்தால் தன் கூலியில் சரி செய்து தரட்டும். தங்கையிடமும் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் பறப்பது.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்களே அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டுக்குப் பின்னால், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அது போதும். விமானம் பத்திரமாக இறங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மற்ற நேயர்களே, உங்கள் வீட்டிலும் அலமாரிக்கு மேல் ஏதாவது ஏறிக் கிடக்கிறதா? எழுதுங்கள், பேசுவோம். அடுத்த முறை சந்திப்போம். வணக்கம்.